மன்றங்களும் மனிதர்களும் – 17: மதகுச் சாவி

சாம் ரேபர்னைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது ஒரு பெயரை வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நாற்காலியில் மொத்தம் 17 ஆண்டுகள் அமர்ந்தவர் ரேபர்ன். அவரே ஒரு மசோதாவைச் சபைக்குக் கொண்டுவர விரும்பினால், தன் சொந்தக் கட்சிக்காரர் ஒருவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் எட்டாவது தொகுதி உறுப்பினரான ஹோவர்ட் ஸ்மித்தான் அந்த ஒருவர். 1931 முதல் 1967 ஜனவரி வரை ஏறக்குறைய 36 ஆண்டுகள் சபையில் இருந்தார். அதில் கடைசி 12 ஆண்டுகள் விதிகள் குழுவின் தலைவர். அதிபராகவோ அமைச்சராகவோ ஆளுநராகவோ அவர் இருந்ததில்லை. ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எந்தச் சட்டம் வரலாம், எது வரக்கூடாது என்று அந்த நாட்டில் முடிவு செய்தவர்களை எண்ணினால், முதல் வரிசையில் அவர் நிற்பார்.

நம் மக்களவையில் அரசு கொண்டுவரும் மசோதா எந்த நாளில் விவாதத்துக்கு வரும் என்பதைப் பெரும்பாலும் அரசே தீர்மானித்துவிடும். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் குறுக்கே நின்று அதை நிறுத்துவதை நாம் நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. அமெரிக்க முறை வேறு. கல்வி, வரி, நீதி என்று துறைக்கொரு குழு மசோதாவை அலசித் தேற்றி அனுப்பிய பிறகும் அது நேராகச் சபைக்குப் போய்விடாது. எத்தனை மணி நேரம் விவாதிக்கலாம், திருத்தங்கள் கொண்டுவரலாமா கூடாதா என்று விதிகள் குழு ஓர் அனுமதித் தீர்மானம் தரவேண்டும். அது கிடைக்காத மசோதா பெரும்பாலும் அங்கேயே கிடந்து மடியும். ஏரி நிரம்பியிருந்தாலும் மதகுச் சாவி ஒருவர் இடுப்பில் இருந்தால் கடைமடை காய்வதைப் போலத்தான்.

ஸ்மித் காலத்தில் அந்தக் குழுவுக்கு நிலையான கூட்ட நாள் கிடையாது. தலைவர் கூப்பிட்டால்தான் கூட்டம். ஜனநாயகக் கட்சியினர் 8 பேர், குடியரசுக் கட்சியினர் 4 பேர் என மொத்தம் 12 உறுப்பினர்கள். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த ஸ்மித்தும் மிசிசிப்பியின் வில்லியம் கோல்மரும் அந்த நான்கு குடியரசுக் கட்சியினரோடு சேர்ந்துவிட்டால் 6-க்கு 6. சமநிலை என்றால் மசோதாவுக்கு அனுமதி இல்லை. 435 பேர் கொண்ட சபையின் பெரும்பான்மை விருப்பத்தை ஆறு பேரால் அடக்கி வைக்க முடிந்தது. கூட்டமே நடக்காவிட்டால் ஆறு பேர்கூடத் தேவையில்லை. தலைவர் ஒருவரே போதும்.

இந்த நாற்காலி அவருக்கு எப்படிக் கிடைத்தது? மூப்பு வரிசையில்தான். யார் அதிக காலம் குழுவில் நீடிக்கிறாரோ அவரே தலைவர் என்பது அன்றைய வழக்கம். அப்படியானால் அவர் எப்படி அவ்வளவு காலம் நீடித்தார் என்ற கேள்விக்குப் போகவேண்டும். அவருடைய சாதுரியத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் பலர் இந்தக் கேள்வியைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர் கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்மித் பிறந்தது 1883 பிப்ரவரி 2இல், வர்ஜீனியாவின் ஃபாக்கியர் வட்டாரத்தில் உள்ள பிராட் ரன் என்ற சிற்றூரில். உள்நாட்டுப் போர் முடிந்து 18 ஆண்டுகளே ஆகியிருந்தன. தோற்ற பக்கத்தின் மனக்கசப்பு வீட்டுத் திண்ணைகளில் ஆறாமல் இருந்த காலம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு, வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அலெக்சாண்ட்ரியா நகரில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். அரசு வழக்கறிஞர், பிறகு நீதிபதி என்று உயர்ந்தார். நாடாளுமன்றத்துக்குப் போன பிறகும் எல்லோரும் அவரை ‘ஜட்ஜ் ஸ்மித்’ என்றே அழைத்தார்கள். பால்பண்ணையும் வங்கித் தொழிலும் உண்டு. உயர்ந்து மெலிந்த உருவம், சற்றே கூனிய தோள், தணிந்த குரல், எதிராளியிடமும் தவறாத மரியாதை. அவரை வெறுத்தவர்கள்கூட அந்தப் பண்பைக் குறை சொன்னதில்லை.

அவர் சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், 1902இல், வர்ஜீனியா புதிய அரசியலமைப்பு ஒன்றை ஏற்றது. வாக்களிக்க விரும்புகிறவர் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் தலைவரி கட்டவேண்டும். முந்தைய மூன்று ஆண்டு பாக்கி இல்லாமல், அதுவும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டியிருக்க வேண்டும். கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து துடைப்பதற்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு இது. செய்தவர்கள் அந்த நோக்கத்தை மறைக்கவுமில்லை. கூடவே ஏழை வெள்ளையர்களில் பெரும்பகுதியும் வெளியேறியது. மிச்சமிருந்த சிறு வாக்காளர் கூட்டத்தை ஹாரி பேர்ட் என்ற அரசியல்வாதி தன் கட்சி இயந்திரத்தால் கட்டியாண்டார். 1926 முதல் 1930 வரை ஆளுநர், 1933 முதல் 1965 வரை செனட்டர். ஒவ்வொரு வட்டாரத்திலும் நீதிமன்ற எழுத்தர், வரி அலுவலர், அரசு வழக்கறிஞர் எல்லாம் அவருடைய ஆட்கள். ஜனநாயகக் கட்சிக்குள் நடக்கும் முதல்நிலைத் தேர்தலில் வென்றாலே பதவி கிடைத்தது போலத்தான். அந்த முதல்நிலைத் தேர்தலில் வாக்களித்தவர்களோ, வயது வந்த மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர். பேர்டின் ஆதரவு பெற்ற ஸ்மித் தேர்தலுக்குத் தேர்தல் திரும்பி வந்ததும், குழுவில் மூப்பு சேர்த்ததும் இந்தத் தரையில் நின்றுதான்.

1933இலேயே விதிகள் குழுவில் இடம் பிடித்துவிட்டார். அதே ஆண்டு பதவியேற்ற அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் திட்டங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. மத்திய அரசு வளர்வதும், தொழிற்சங்கங்கள் வலுப்பதும், குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்குவதும் அவர் கண்ணில் ஆபத்துகள். 1937இல் உச்ச நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதிகளை அமர்த்த ரூஸ்வெல்ட் முயன்றபோது, தென்மாநில ஜனநாயகக் கட்சியினரும் குடியரசுக் கட்சியினரும் கைகோத்தார்கள். பழமைவாதக் கூட்டணி என்று பெயர் பெற்ற அந்த உறவு பல பத்தாண்டுகள் நீடித்தது. ஸ்மித் அதன் பிரதிநிதிகள் சபைத் தூண்களில் ஒருவர். பொறுமையிழந்த ரூஸ்வெல்ட் 1938 முதல்நிலைத் தேர்தல்களில் தன் கட்சியின் எதிர்ப்பாளர்களைத் தோற்கடிக்கத் தானே களமிறங்கினார். ஸ்மித்துக்கு எதிராக நின்றவர், ஜெர்மனிக்கு அமெரிக்கத் தூதராக இருந்த வில்லியம் டாடின் மகன். ஸ்மித் பெரும் வித்தியாசத்தில் வென்றார். தலைவரி கட்டிய அந்தச் சிறு கூட்டத்துக்கு ரூஸ்வெல்ட்டைவிட ஸ்மித் நெருக்கமானவர்.

அதற்குப் பிறகு எதிர்ப்பதோடு நிற்காமல் தாக்கவும் தொடங்கினார். தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தை விசாரிக்கும் சிறப்புக் குழுவுக்கு 1939இல் தலைமை தாங்கினார். 1940இல் அவர் பெயராலேயே வழங்கும் ஸ்மித் சட்டம் வந்தது. அமெரிக்காவில் வாழும் வெளிநாட்டவர் அனைவரும் பதிவு செய்து கைரேகை தரவேண்டும் என்றது ஒரு பகுதி. அரசை வன்முறையால் கவிழ்க்கவேண்டும் என்று போதிப்பதையும், அப்படிப் போதிக்கும் அமைப்பில் சேர்வதையும் குற்றமாக்கியது இன்னொரு பகுதி. முதல் அடி விழுந்தது 1941இல், மினியாபொலிஸ் நகரின் டிராட்ஸ்கியவாதிகள் மேல். போட்டி இடதுசாரிகள் மேல் பாய்ந்த அந்த வழக்கை அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது. எட்டாண்டுகள் கழித்து, 1949இல், அதே சட்டத்தின் கீழ் அந்தக் கட்சியின் 11 தலைவர்கள் நியூயார்க்கில் தண்டிக்கப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் 1951இல் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. 1957இல் வேறொரு வழக்கில், வெறும் கோட்பாட்டைப் பேசுவது குற்றமாகாது என்று சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது. இதற்கிடையே 1943இல், போர்க்காலத்தில் வேலைநிறுத்தங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்மித்–கானலி சட்டம் ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறி நிறைவேறியது.

1955 ஜனவரியில் ஸ்மித் விதிகள் குழுவின் தலைவரானார். அதற்கு முந்தைய ஆண்டுதான், பள்ளிகளில் இனப் பாகுபாடு அரசியலமைப்புக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. 1956 மார்ச் 12இல் தென்மாநில உறுப்பினர்கள் அந்தத் தீர்ப்பைக் கண்டித்து, சட்டத்துக்குட்பட்ட எல்லா வழிகளிலும் எதிர்ப்போம் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். சுமார் நூறு பேர் கையெழுத்திட்ட அந்தத் ‘தெற்கின் பிரகடனத்தை’ பிரதிநிதிகள் சபையில் முன்வைத்தவர் ஸ்மித்.

இங்கே கொஞ்சம் நின்று, அவருடைய தொகுதியில் சேராத ஒரு வர்ஜீனிய வட்டாரத்தைப் பார்க்கவேண்டும். பிரின்ஸ் எட்வர்ட் என்று பெயர். 1951இல் அங்கே பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி, கறுப்பினக் குழந்தைகளுக்கான மோட்டன் பள்ளியின் இடநெருக்கடியைக் கண்டித்து மாணவர்களைத் திரட்டி வெளிநடப்புச் செய்தாள். அந்தப் போராட்டம் வழக்காகி, பிரவுன் தீர்ப்புக்குள் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்றானது. வெற்றிக்கு அந்த ஊர்க் குழந்தைகள் கொடுத்த விலை கொடியது. சேர்த்துப் படிக்க வைக்கச் சொன்னால் பள்ளியே வேண்டாம் என்று 1959இல் வட்டார நிர்வாகம் பொதுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியது. வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினக் குழந்தைகளுக்கு எதுவும் இல்லை. ஐந்தாண்டுகள், 1964 வரை, அந்தக் கதவுகள் திறக்கவில்லை. ஏழு வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்கவேண்டிய பிள்ளை பன்னிரண்டு வயதில் முதல் எழுத்துக்கு வந்து நின்றது. அந்தக் கதவுகளைப் பூட்டியது ஸ்மித்தின் கை அல்ல. ஆனால் அப்படிப் பூட்டுவது கௌரவமான செயல், சட்டப் பாரம்பரியத்தைக் காக்கும் செயல் என்ற தைரியத்தை ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் தந்தது ஜட்ஜ் ஸ்மித் போன்றவர்களின் கையெழுத்து. அவருடைய நாகரிகத்தைப் புகழ்ந்து எழுதப்பட்டதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழந்தைகளின் நினைவு வருகிறது.

விதிகள் குழுவில் அவர் கையாண்ட முறை எளிமையானது. 1957இல் சிவில் உரிமை மசோதா அவர் குழுவின் முன் கிடந்தபோது, பண்ணையில் கொட்டகை தீப்பிடித்துவிட்டது, போய்ப் பார்க்கவேண்டும் என்று வாஷிங்டனை விட்டுப் போய்விட்டார். தலைவர் இல்லை, கூட்டம் இல்லை. மசோதாவை நிறுத்த ஸ்மித் எதையும் செய்வார் என்று தெரியும், தன் கொட்டகைக்குத் தானே தீ வைப்பார் என்று நினைக்கவில்லை என்ற பேச்சு அப்போது சபை முழுக்கச் சுற்றியது. அந்த மசோதா வலுவிழந்த வடிவில் பின்னர் சட்டமானது. அலாஸ்காவை மாநிலமாக்கும் மசோதாவை அவர் பிடித்து வைத்திருந்ததால், 1958இல் குழுவைச் சுற்றிக்கொண்டு போகும் அரிய நடைமுறை ஒன்றைத் தேடிப் பிடிக்கவேண்டி வந்தது. 1960இல் கல்விக்கு மத்திய அரசு நிதி தரும் மசோதாவை இரு அவைகளும் தனித்தனி வடிவில் நிறைவேற்றியிருந்தன. இரண்டையும் இணைக்கும் கூட்டுக் குழுவுக்கு அனுப்ப விதிகள் குழு மறுத்தது. இரண்டு அவைகள் ஏற்ற மசோதா அப்படியே செத்தது.

அந்த ஆண்டு இறுதியில் ஜான் கென்னடி அதிபராகத் தேர்வானார். ஸ்மித் இருக்கும்வரை புதிய அதிபரின் ஒரு திட்டமும் நகராது என்பது ரேபர்னுக்குத் தெரியும். கோல்மரைக் குழுவிலிருந்தே நீக்கிவிடலாமா என்று யோசித்து, பிறகு குழுவை 12லிருந்து 15 ஆக விரிவாக்கி அரசுக்கு ஆதரவானவர்களைச் சேர்க்கும் வழிக்கு வந்தார். 1961 ஜனவரி 31இல் வாக்கெடுப்பு. 79 வயதான ரேபர்ன், சபாநாயகர் மேடையிலிருந்து இறங்கிவந்து தன் சகாக்களிடம் ஆதரவு கேட்டுப் பேசினார். எதிரே நின்று பேசியவர் 77 வயது ஸ்மித். ஆதரவு 217, எதிர்ப்பு 212. ஜனநாயகக் கட்சியினர் 64 பேர் தங்கள் சபாநாயகருக்கு எதிராக வாக்களித்தார்கள். 22 குடியரசுக் கட்சியினர் கைகொடுத்திருக்காவிட்டால் ரேபர்ன் தோற்றிருப்பார். அமெரிக்க நாடாளுமன்ற வரலாற்றில் அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான வாக்கெடுப்புகளில் இதுவும் ஒன்று. அந்த நவம்பரில் ரேபர்ன் காலமானார். ஸ்மித் தலைவராகவே தொடர்ந்தார்.

1963 நவம்பர் 20இல், நாடு அதுவரை கண்டிராத அளவுக்கு வலுவான சிவில் உரிமை மசோதா நீதிக் குழுவைத் தாண்டி ஸ்மித்தின் மேசைக்கு வந்தது. இரண்டு நாளில் டல்லாஸில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். புதிய அதிபர் லிண்டன் ஜான்சன் அந்த மசோதாவையே கென்னடிக்கான நினைவுச் சின்னமாக்க முனைந்தார். ஸ்மித் அவசரம் காட்டவில்லை. நீதிக் குழுத் தலைவர் இமானுவேல் செல்லர், மசோதாவைக் குழுவிலிருந்து விடுவிக்கக் கையெழுத்து வேட்டை தொடங்கினார். 218 கையெழுத்து வேண்டும். அது கிடைப்பதற்கு முன்பே, விதிகள் குழுவின் மூத்த குடியரசுக் கட்சிக்காரரான ஓஹையோவின் கிளாரன்ஸ் பிரவுன், தன் கட்சியினர் இனியும் பொறுக்கமாட்டார்கள் என்று ஸ்மித்திடம் தெரிவித்துவிட்டார். கால் நூற்றாண்டுக் கூட்டணி அந்த மசோதாவில் கைவிட்டது. ஜனவரி 9இல் ஸ்மித் விசாரணையைத் தொடங்கினார். ஜனவரி 30இல் 11-க்கு 4 என்று அவர் குழுவே அனுமதி தந்தது.

பிறகுதான் அவர் வாழ்க்கையின் விசித்திரமான நாள் வந்தது. 1964 பிப்ரவரி 8, சனிக்கிழமை. இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற ஏழாவது பகுதி விவாதத்தில் இருந்தது. 81 வயது ஸ்மித் எழுந்து, அந்தப் பட்டியலில் பால் என்பதையும் சேர்க்கவேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். நாட்டில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகிவிட்டதால் கணவன் கிடைக்காமல் போவதைக் குறைசொல்லி ஒரு பெண் எழுதிய கடிதத்தைப் படித்தார். சபை சிரித்தது. மிச்சிகன் உறுப்பினர் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்தார். பெண்கள் இரண்டாந்தரமாக நடத்தப்படுகிறார்கள் என்பதற்கு இந்தச் சிரிப்பே சாட்சி என்றார். சிரிப்பு அடங்கியது. செல்லர் எதிர்த்தார். பெண்ணுரிமைக்காக உழைத்த எடித் கிரீன்கூட, கறுப்பின மக்களின் நீதி முதலில் வரட்டும், இது மசோதாவைக் கவிழ்த்துவிடும் என்று அஞ்சி எதிர்த்தார். திருத்தம் 168-க்கு 133 என்று வென்றது. இரண்டு நாள் கழித்து மசோதா முழுமையாக 290-க்கு 130 என்று நிறைவேறியபோது ஸ்மித் எதிர்த்து வாக்களித்தார்.

மசோதாவைக் கொல்லத்தான் அந்தத் திருத்தமா, உண்மையிலேயே பெண்களுக்காகவா? அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தேசியப் பெண்கள் கட்சியின் ஆலிஸ் பாலோடு ஸ்மித்துக்கு நெடுநாள் தொடர்பு உண்டு. பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியலமைப்புத் திருத்தத்தை அவர் பல ஆண்டுகள் ஆதரித்தவர். அந்த அக்கறை முழுக்க வேஷம் என்று சொல்ல முடியாது. அதே நேரம், கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வெள்ளைப் பெண்ணுக்கு இல்லாமல் போகிறதே என்ற ஆதங்கம் அதன் உள்ளே இருந்தது. மசோதா கவிழ்ந்தால் லாபம் என்ற கணக்கும் இருந்தது. இரண்டும் ஒரே மனிதனுக்குள் இருந்தன என்றே நான் கருதுகிறேன். அவர் எதை நினைத்துச் செய்தாரோ, அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு உழைக்கும் பெண்கள் நீதிமன்றம் ஏறினார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்ததும் முதலில் முறையிட்டவர்களில், திருமணமானால் வேலை போய்விடும் என்ற விதியின் கீழ் இருந்த விமானப் பணிப்பெண்களும் உண்டு. பணியிடப் பாலியல் தொல்லை சட்டவிரோதம் என்ற 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பும், ஓரின ஈர்ப்பாளர்களையும் திருநர்களையும் வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம் என்ற 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பும் அதே சொல்லில்தான் கால் ஊன்றி நிற்கின்றன.

இதற்குள் அவர் நின்ற தரை நகரத் தொடங்கிவிட்டது. 1964 ஜனவரியில் அரசியலமைப்பின் 24ஆவது திருத்தம் மத்தியத் தேர்தல்களில் தலைவரியை ஒழித்தது. பிப்ரவரியில், தொகுதிகளின் மக்கள்தொகை ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வர்ஜீனியாவின் தொகுதிகள் மறுவரையறை செய்யப்பட்டன. வாஷிங்டனை ஒட்டி வளர்ந்த புறநகர்களின் புதிய வாக்காளர்களுக்கு ஹாரி பேர்ட் யாரென்ற அக்கறை இல்லை. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1966 மார்ச்சில், வர்ஜீனியாவிலிருந்தே போன ஒரு வழக்கில், மாநிலத் தேர்தல்களிலும் தலைவரி செல்லாது என்றாகிவிட்டது.

அதே ஆண்டு ஜூலை 12இல் முதல்நிலைத் தேர்தல் நடந்தது. 83 வயது ஸ்மித்தை எதிர்த்து நின்றவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஜார்ஜ் ராலிங்ஸ். ஆயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஸ்மித் தோற்றார். பேர்ட் அணியின் மூத்த செனட்டர் வில்லிஸ் ராபர்ட்சனும் அன்றைக்கே தோற்றார். ரூஸ்வெல்ட்டால் வீழ்த்த முடியாத மனிதரை, புறநகர்க் குடும்பங்களும் தலைவரி கட்டாமலே வாக்குச்சீட்டு வாங்கிய மக்களும் சேர்ந்து வீழ்த்தினார்கள். நவம்பர் பொதுத் தேர்தலில் ராலிங்ஸும் வெல்லவில்லை. குடியரசுக் கட்சியின் வில்லியம் ஸ்காட் அந்த இடத்தைப் பிடித்தார். தென்மாநிலப் பழமைவாதம் கட்சி மாறிக்கொண்டிருந்தது.

1967இல் கோல்மர் தலைவரானபோது, விதிகள் குழு தன் வரலாற்றில் முதன்முறையாகத் தனக்கென்று எழுத்து வடிவில் விதிகளை ஏற்றுக்கொண்டது. வாரந்தோறும் கூட்ட நாள் குறிக்கப்பட்டது. ஸ்மித் அலெக்சாண்ட்ரியாவுக்குத் திரும்பி மீண்டும் வழக்கறிஞர் தொழிலைப் பார்த்தார். 1976 அக்டோபர் 3இல், 93 வயதில் இறந்தார். 1995 தொடக்கத்தில் குழுவின் புதிய தலைவர் ஜெரால்ட் சாலமன், ஸ்மித்தின் உருவப்படத்தைக் குழு அறையில் மாட்டினார். சிவில் உரிமைப் போராட்டத்தில் காவலர்களின் தடியடி பட்ட ஜான் லூயிஸ் அப்போது சபை உறுப்பினர். அவரும் கறுப்பின உறுப்பினர்களும் ஆட்சேபித்ததும் படம் இறக்கப்பட்டது.

இதே காலத்தில் மறு அவையான செனட்டில் ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல் நடத்திய நீண்ட போரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)